நேரங்கெட்ட வாளிகள்

"இது யாரு பெத்த பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே, ஒரு சிவப்பு வாளியைக் காதைப் பிடித்துத் தூக்கியபடி மெஷின் மெஷினாகப் போய்க்கொண்டிருக்கிறார் அவர். காலைச் சங்கு இன்னும் ஊதவில்லை. வேலைக்கு வந்தவர்கள் அரைத் தூக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கிறார். இன்னொருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். அவர் போட்டிருப்பது வாரே இல்லாத செருப்பு. "சரி, சொல்லாட்டி போங்க. பிள்ளை வாயைத் திறக்காமயா போயிடும்" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து வாளியின் அடியில் பெரிய கேள்விக்குறி ஒன்று போட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார்.

அது பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலை. காலையில் ஒரு ஷிப்ட், மாலையில் ஒரு ஷிப்ட். நடுவே சாப்பிட்டுக் கை கழுவிக் கொட்டாவி விடுவதற்கு ஓர் இடைவேளை. ஒவ்வொரு மெஷின் தலையிலும் எண்ணிக்கை பார்க்கும் கவுண்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அச்சு ஒருமுறை மூடித் திறந்தால், இதோ ஒரு வாளி பிறந்தது என்று மாடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது கோள் சொல்லிவிடும். ஷிப்டுக்குள் பிறந்த வாளிக்கு ஒரு குறையும் இல்லை, அந்தந்த சூப்பர்வைசர் கணக்கில் போய் ராஜாவாட்டம் உட்கார்ந்துகொள்ளும். சங்கு ஊதுவதற்கு முன்னால் பிறந்தது, ஊதிய பிறகு பிறந்தது, இடைவேளையில் பிறந்தது, இதுகளோடுதான் வம்பு. யார் போட்டது, ஏன் போட்டது, யார் சொல்லிப் போட்டது என்று விசாரித்து, கம்ப்யூட்டரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும், அதை நிரப்ப வேண்டும். அதற்குத்தான் இவர்.

பதவியின் பெயர் உற்பத்தி ஆய்வாளர். தொழிலாளிகள் வைத்த பெயர் அகாலம். "அகாலம் வருது, மூஞ்சியப் பாவமா வச்சுக்கோ" என்று ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குச் சேதி போகும். இது அவர் காதுக்கும் எட்டியதுதான். அவருக்கு இதில் வருத்தமில்லை. நேரங்கெட்டவன் என்று வைக்காமல் கொஞ்சம் நாகரிகமாக வைத்தார்களே என்று திருப்திதான்.

ஆள் நல்ல உயரம். மெஷினுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்து மட்டும் முன்னால் போய்விட்டது, உடம்பு பின்னால் வருகிறது. சட்டைப்பையில் பேனாவுக்குத் துணையாகச் சாக்கட்டி, சாக்கட்டிக்குத் துணையாக ஒரு குட்டி டார்ச். அவர் குறி போட்ட வாளி எப்போதாவது தப்பித்துக் கடைக்குப் போய்விடும். அப்படி வாங்கிப்போன ஓர் அம்மாள் மறுநாளே திரும்பி வந்து, வாளியைக் கடைக்காரர் முன்னால் கவிழ்த்து, இதில் என்ன சந்தேகம் உங்களுக்கு என்று கேட்டாளாம்.

விசாரணை என்று இறங்கிவிட்டால் மனிதர் விடாக்கண்டன். அதிகாலையில் பெற்றோர் இல்லாமல் பிறந்த வாளி ஒன்று. தரை கூட்டுகிறவர் கூட்டிய களைப்பில் ஏதோ ஒரு பொத்தான்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார் என்று கண்டுபிடித்து, காரணம் என்ற கட்டத்தில் 'முழங்கை' என்று எழுதினார். மெக்கானிக் ஒருவர் இடைவேளையில் மெஷினை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். சத்தம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காதாம். அதற்கு 'செரிமானம்' என்று எழுதினார். ஒருநாள் கவுண்டரில் ஏறிய எண்ணிக்கைக்கு வாளியே இல்லை. எல்லாரும் திருட்டு என்றார்கள். அகாலம் டார்ச்சும் கையுமாகக் காத்திருந்து, கவுண்டரின் கண்ணுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் உலாத்திய பல்லியைப் பிடித்தார். 'பல்லி' என்றே எழுதினார். வேறு ஏதாவது கௌரவமாக எழுதக்கூடாதா என்று சூப்பர்வைசர் கெஞ்சிப் பார்த்தார். நடந்தது பல்லி என்றால் பல்லி என்றுதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அங்கே யாராவது செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னால், "பல்லி போட்ட வாளியா?" என்று கேட்கிறார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு வாழைப்பழம் குறைந்தால் போதும், சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவார். அவர் மனைவி வாயாடி. "நான்தான் தின்னேன், கேஸ் போடுங்க" என்பாள். ஒருநாள் இவர் விடாமல் துருவவும், பெரியவன் கல்லூரிக்குப் போகிற காலத்தில் வந்து பிறந்தானே நம்ம கடைக்குட்டி, அவனும் ஷிப்டுக்கு வெளியில வந்தவன்தானே, அவனுக்கு என்ன காரணம் எழுதினீங்க என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். மனிதர் சீப்பை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவர், எல்லாரும் படுத்த பிறகுதான் இறங்கி வந்தார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் நான்காம் மெஷின் ஆட்டிவைத்துவிட்டது.

நான்காம் மெஷினில் காலையில் ஓர் அம்மாள், மாலையில் ஓர் அம்மாள். ஒரே வயசு. "வாடி", "போடி" என்று வருஷக்கணக்காகப் பழகியவர்கள். காலைக்காரி எழுந்திருக்கும்போதே நாற்காலியை மாலைக்காரியின் பக்கம் காலால் ஒரு தள்ளு தள்ளுவாள். அவள் பொத்தென்று அதில் விழுவாள். ஷிப்ட் மாறுகிற சடங்கு அவ்வளவுதான். காலைக்காரிக்கு ஒரு மகள். மாலைக்காரிக்கு ஒரு மகன், அம்மாவைத் தினம் வண்டியில் கொண்டுவந்து வாசலில் விடுகிறவன். அம்மா மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க மகள் ஒருநாள் வாசலுக்கு வந்தாள். பிறகு குடையை அம்மா மறக்காத நாளிலும் வந்தாள். எல்லாம் அந்த இடைவேளையில் நடந்ததுதான். இரண்டு தாய்மாரும் மெஷின் ஓரத்தில் நின்று பேசி, சந்தோஷமாகவே கல்யாணத்தை முடித்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி.

சிநேகிதிகளாக இருந்த வரைக்கும் நாற்காலியைக் காலால் தள்ளலாம். சம்பந்தியை அப்படிச் செய்ய முடியுமா? மறுநாளே "வாடி" போய் "வாங்க சம்பந்தியம்மா" வந்துவிட்டது. பெண்ணைக் கொடுத்தவள் எழுந்து போனால், பையன் வீட்டம்மாளைக் கண்டதும் பட்டுக்கொள்ளாமல் போகிறாள் என்று ஆகும். பையன் வீட்டம்மாள் வந்ததும் உட்கார்ந்தால், சம்பந்தியை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள், அதிகாரத்தைப் பார் என்று ஆகும். ஆகவே காலைக்காரி, நீங்க வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கோங்க, அதுவரைக்கும் நான் ஓட்டுறேன் என்பாள். அவள், காலையிலிருந்து நீங்கதான் கஷ்டப்படுறீங்க, எழுந்திரிங்க என்பாள். இவள் எழுந்திருக்க மாட்டாள், அவள் உட்கார மாட்டாள். சம்பந்தி உழைக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அழகில்லை என்று அவள் மெஷின் கதவைத் திறந்து வாளியை எடுப்பாள். ஐயையோ நீங்க எடுக்கிறதா என்று இவள் அடுத்ததை முந்திக்கொண்டு எடுப்பாள். ஷிப்ட் நேரத்தில் தனியாக ஓடும்போதுகூட நான்காம் மெஷின் அந்த வேகத்தில் ஓடியதில்லை. இரண்டு குடும்பத்து மானமும் அதில் ஏறி உட்கார்ந்திருந்தது, ஓடாமல் என்ன செய்யும்?

அடுக்கிவைத்த வாளிக் கோபுரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று அகாலம் இதையெல்லாம் பார்த்தார். நாலைந்து நாள் பார்த்தார். தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தும் பார்த்தார். "எல்லாம் சம்பந்தியம்மா கைராசி சார், எனக்கென்ன தெரியும்" என்று காலைக்காரி சொன்னாள். மாலைக்காரியும் எழுத்துப் பிசகாமல் அதையேதான் சொன்னாள். இது பாராட்டா, போட்டுக்கொடுப்பதா என்று அவருக்கு விளங்கவில்லை. சம்பந்திகள் பேசும் பேச்சில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவருடைய டார்ச்சுக்கெல்லாம் வெளிச்சம் போதாது. கடைசியில், நடந்தது எதுவோ அதைத்தானே எழுத வேண்டும் என்று காரணம் என்ற கட்டத்தில் 'சம்பந்தி மரியாதை' என்று எழுதி மேலே அனுப்பினார்.

மேலே முன்பு போல் பெரிய முதலாளி இல்லை. அவர் இருந்தால் பல்லிக்குச் சிரித்த மாதிரி இதற்கும் சிரித்திருப்பார். உடம்புக்கு முடியாமல் அவர் வீட்டோடு இருந்துவிட, பெண்ணைக் கட்டிய மருமகன் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை முதலாளி என்று பெயர். கெட்டவர் இல்லை. படித்தவர், சுத்தமானவர், சீக்கிரம் முடிவெடுக்கிறவர். அந்தக் கடைசிக் குணம்தான் ஆபத்து. மாமனார் வீட்டுத் தொழிலில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குச் சம்பந்தி மரியாதை என்றால் என்னவென்று சொல்லியா தெரியவேண்டும்? ஆனால் நாற்காலி அவருக்கு அதையெல்லாம் மறக்கடித்திருந்தது. அகாலத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"மரியாதைக்கு யாராவது வாளி போடுவாங்களா?" என்று கேட்டார்.

போடுகிறார்கள் சார், கண்ணால் பார்த்தேன் என்றார் இவர். அவர் நம்பவில்லை. அவருடைய கணக்கு வேறே. ஒரு மெஷினில் நேரத்துக்கு வெளியே இவ்வளவு வேலை நடக்கிறதென்றால், இரண்டு பேரில் ஒருத்தி நேரத்துக்குள் வேலை பார்க்கவில்லை, அவள் விட்டதை மற்றவள் இழுத்துக்கட்டுகிறாள். உழைக்கிறவளை வைத்துக்கொண்டு ஓபி அடிக்கிறவளை அனுப்பிவிடலாம். யார் அந்தச் சோம்பேறி என்று பெயர் மட்டும் வேண்டும். நாளைக்கு இடைவேளையில் நானே கீழே வருகிறேன், அங்கேயே சொல்லுங்கள் என்று முடித்துவிட்டார்.

இறங்கி வந்த அகாலம் பாதிப் படியில் நின்றுவிட்டார். கண்டுபிடிப்பது வரைதான் அவருக்குப் பழக்கம். கண்டுபிடித்ததைக் கொண்டு ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டது கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு காலைக்காரி தனிக்கட்டை. வேலை போனால் வாடகைக்கு வழியில்லை. மாலைக்காரியின் சம்பளத்தில்தான் மகன் வண்டிக்கடனும் புதுக்குடித்தனமும் ஓடுகிறது. அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. ஒரு சம்பந்தியின் வேலை போய் மற்றவள் வேலை நிலைத்தால், நடுவில் இருக்கிற அந்தப் பெண் யார் முகத்தைப் பார்த்துச் சோறு தின்பாள்? பாவம், அவளுக்கு அது மாசமாக இருக்கிற நேரம்.

வீட்டில் அன்றைக்கு வாழைப்பழத்தை எண்ணவில்லை. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் வழக்கம்போல் கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் செய்யவில்லை. "உள்ளதைச் சொன்னீங்க, அவருக்குப் புரியலை. புரியிற மாதிரி எதையாவது சொல்லிட்டு வாங்களேன்" என்றாள். பொய் சொல்லச் சொல்றியா என்று இவர் கேட்டார். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அகாலம் ஒளிந்து நிற்கவில்லை. நேராக நான்காம் மெஷினுக்குப் போனார். அங்கே வழக்கமான உபசாரம் தொடங்கி, வாளி விழுந்துகொண்டிருந்தது. அவர் நடுவில் புகுந்து, விஷயத்தை மூடி மறைக்காமல் சொன்னார். முதலாளி வருகிறார், ஒருத்தி பெயரைக் கேட்பார், அவளுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

இரண்டு பேரும் வேலையை நிறுத்தினார்கள். கதவு திறந்தபடி மெஷின் நின்றது. முதலில் வாயைத் திறந்தவள் காலைக்காரி. சம்பந்தியைப் பார்க்காமல் இவரிடம் சொன்னாள்.

"என் பேரைச் சொல்லிடுங்க சார். நான்தான் சோம்பேறி. காலையில ஒரே தூக்கம்."

"என்னடி உளர்றே?" என்றாள் மாலைக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு அந்த 'டி' அங்கே கேட்டது அதுதான் முதல் தடவை. "இவ தூங்கினாளாம். சார், நான்தான் சார் ஒரு வேலையும் பாக்குறதில்லை. வந்ததுல இருந்து போற வரைக்கும் கதைதான் பேசுவேன். யாரை வேணா கேளுங்க."

"நீ சும்மா இருடி. வண்டிக்கடனை யாரு கட்டுவா?"

"உன் வாடகையை யாரு கட்டுவா? உங்கப்பனா?"

மரியாதையில் ஜெயிக்க முடியாத இருவரும் சோம்பேறித்தனத்தில் போட்டிக்கு இறங்கினார்கள். ஒருத்தி தன் முதுகுவலியைச் சொன்னாள், மற்றவள் தன் முழங்கால் வலியைச் சொல்லி அதை அடித்தாள். ஒருத்தி தான் போட்ட வாளியெல்லாம் ஓட்டை என்றாள், அடுத்தவள் தன்னுடையதில் பாதிக்குக் காதே கிடையாது என்றாள். சொல்லச் சொல்ல இருவருக்கும் கண் கலங்கியது. அப்படியும் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் வாளிக்குத் தகப்பன் தேடி அலைந்த அகாலம், இப்படித் தானாக வந்து பழியை ஏற்றுக்கொள்கிற ஆட்களை அங்கே கண்டதே இல்லை.

மாடிப்படியில் பளபளப்பான பூட்ஸ் இறங்குவது தெரிந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினார்கள். நாற்காலி காலியாக இருந்தது. அகாலம் அதைப் பார்த்தார். அந்தத் தொழிற்சாலையில் அவர் ஒருநாளும் மெஷின் நாற்காலியில் உட்கார்ந்தவர் இல்லை. கிரிக்கெட்டில் அம்பயர் பேட்டைத் தொடலாமா என்று கேட்கிறவர். இப்போது நாற்காலியை இழுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க என்ன இங்க?" என்றார் மாப்பிள்ளை முதலாளி.

"நான்தான் சார். இடைவேளை வாளியெல்லாம் நான் போடுறது."

முதலாளிக்கு ஒன்றும் ஓடவில்லை. உங்களுக்கு ஷிப்டே கிடையாதே என்றார்.

"அதனாலதான் சார் ஷிப்டுக்கு வெளியில வருது."

இது முதலாளிக்குப் புரிந்தது. பளிச்சென்று புரிந்தது. முகமே தெளிந்துவிட்டது. அப்புறம் ஏன் மரியாதை, அது இது என்று எழுதினீர்கள் என்று கேட்டார். கூச்சமாக இருந்தது சார் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார். மத்தியானத்தில் மாடியில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, கீழே வந்து ரெண்டு வாளி போட்டால் தெளிந்துவிடுகிறது, இந்த அம்மாக்கள் பாவம், பக்கத்தில் நின்று ஒத்தாசை பண்ணுவார்கள் என்று சேர்த்துக்கொண்டார். வாழ்நாளில் முதல் பொய். பரவாயில்லாமல் வந்தது. முதலாளி இரண்டு அம்மாக்களையும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். அவருக்கு இன்னும் ஒரு துளி சந்தேகம் பாக்கி இருந்தது.

"எங்க, ஒண்ணு போடுங்க, பாப்போம்" என்றார்.

அகாலம் மெஷினைப் பார்த்தார். எந்த மெஷின் எப்போது எத்தனை போடும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தப் பொத்தானை அமுக்கினால் அது ஓடும் என்பது தெரியாது. மாலைக்காரி எங்கேயோ பார்ப்பதுபோல் பச்சைப் பொத்தானைப் பார்த்தாள். கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினார். அச்சு மூடியது, உறுமியது, சற்றுநேரம் யோசித்தது, திறந்தது. உள்ளே பளபளவென்று ஒரு நீல வாளி.

அப்போதுதான் பிறந்த வாளியைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பது அங்கே டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். இவருக்குத் தெரியாது. கதவைத் திறந்து இரண்டு வெறுங்கையையும் உள்ளே விட்டு, கொதிக்கிற அடிப்பாகத்தோடு சேர்த்து அணைத்து எடுத்தார். காலைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மாலைக்காரி ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். அகாலத்தின் கண்ணில் தண்ணீர் கட்டியது, காது சிவந்தது. எழுந்து நின்றார். கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் வாளியை ஏந்தி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, முதலாளி கைநீட்டி வாங்கிக்கொள்ளும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.